மாரிக்கண்ணு இறங்கிய நாள்

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு மஸ்கட்டில் கிளம்பித் திருச்சிக்கு வந்துகொண்டிருந்த விமானத்தில், இருபத்தோராவது வரிசையின் நடு இருக்கையில் உட்கார்ந்திருந்த மாரிக்கண்ணு, கால் மரத்துப்போயிற்றே என்று பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தவள், எழுந்த வேகத்திலேயே மேலே போய், பைகள் வைக்கிற பெட்டியில் தலை இடிக்காமல் கையை ஊன்றித் தடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நின்றாள் என்பது பழக்கத்தில் சொல்வதுதான். அவள் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் காற்று இருந்தது.

ஓரத்து இருக்கையில் இருந்த காஜா மைதீன் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்தைந்து வயது, அகலமான தோள், இருபத்திரண்டு வருடமாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

"மேலருந்து எதுவும் எடுக்கணுமாம்மா?"

"இல்லண்ணே. காலு கீழ வரமாட்டேங்குது."

"கையக் குடு தாயி," என்று அவர் கையை நீட்டினார். அவர் பிடித்து இழுத்ததும் அவள் இறங்கி வந்தாள். விட்டதும் மறுபடி ஏறினாள். மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, நான்காவது தடவை அவர் விடவில்லை.

சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பணிப்பெண் அனுஷா, சைவமா அசைவமா என்று அந்த வரிசையில் மூவரையும் கேட்டுவிட்டு, நடுவில் இருப்பவர் இருக்கையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். சன்னலோரத்தில் இருந்த ரோஸ்லின், மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடம் வேலை பார்த்த நர்ஸ், மாரிக்கண்ணுவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாடியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலையில சாப்பிட்டீங்களா?"

"நாலு நாளா ஒண்ணும் எறங்கல சிஸ்டர்."

"பேரு என்ன?"

ஒன்பது வருடமாக மாரிக்கண்ணு சமைத்துப் பெருக்கித் துவைத்த அந்த வீட்டில், அவளுக்கு முன்னால் இருந்தவள் பெயர் மேரி என்பதால் இவளையும் மேரி என்றே கூப்பிட்டார்கள். கேட்டால் திரும்பிப் பார்க்கிற பெயர் அதுவாகவே ஆகிவிட்டிருந்தது. யோசித்துத்தான் தன் பெயரைச் சொன்னாள். சொன்னபின், யாரும் கேட்காமலே மற்றதையும் சொன்னாள்.

அவளுக்கு ஒரே மகள், வினோதினி. புருஷன் போனபின் பதினோரு வயதுப் பெண்ணைக் கீரனூரில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். முதல் ஐந்து வருடம் வாரம் தவறாமல் பேசிய பெண், பிறகு பேசுவதை நிறுத்திக்கொண்டது. போன வருடம் தானே ஒரு லாரி டிரைவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டதில் பெரியம்மா வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. நான்கு வருடமாக ஒரு வார்த்தை வராத நம்பரிலிருந்து போன வாரம் ஒரு செய்தி வந்தது. நிறைமாசம், பிபி ஏறிவிட்டது, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆபரேஷன், அவர் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போயிருக்கிறார், கூட ஆள் இல்லை. கடைசி வரி: வரணும்னா வா.

லீவு கிடையாது என்றாள் வீட்டுக்காரி. மாரிக்கண்ணு அடுப்படி வாசலில் போய் நின்றாள். மூன்று நாள் நின்றாள். சமைக்கச் சொன்னால் சமைத்தாள், சமைத்துவிட்டு மறுபடி வந்து நின்றாள். நான்காம் நாள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.

"மூணு மணிக்குள்ள நான் அங்க இருக்கணும்ண்ணே," என்றாள். "மேல போனாலும் சரி, கீழ வந்தாலும் சரி, அங்க இருக்கணும்."

"இருப்ப," என்றார் காஜா மைதீன்.

அவருக்குக் கை வலித்தபோது மாற்றுக்கு ஆள் வேண்டியிருந்தது. பின்வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் தூங்காமல் சாய்ந்திருந்தான். நீலமேகம் என்று பெயர், துவரங்குறிச்சிக்காரன், வெல்டர். ஐந்து மாதத்துக்கு முன்பே கம்பெனி மூடிவிட்டதால் திரும்பி வருகிறான். வருவதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு வாசலில் போய் நிற்பது என்றுதான் துண்டுக்குள் யோசித்துக்கொண்டிருந்தான். "தம்பி, இந்தக் கையக் கொஞ்சம் பிடிங்க," என்று காஜா மைதீன் சொன்னதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தான். பல மாதங்களில் அவனிடம் ஒருவர் ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை.

செய்தி வரிசை வரிசையாக முன்னுக்கும் பின்னுக்கும் போயிற்று. கேட்டவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள், பார்த்தவர்கள் யோசனை சொன்னார்கள். வாயுவாக இருக்கும் என்று ஒரு அம்மாள் இஞ்சி மரப்பா கொடுத்தாள். தன் சித்தப்பாவுக்கு இப்படி ஆகிக் காவிரியில் முங்கி எழுந்தபின் சரியாகிவிட்டது என்றார் ஒருவர், முக்கொம்பில் முங்கினாரா அம்மா மண்டபத்தில் முங்கினாரா என்று இன்னொருவர் விசாரித்தார். பளு ஏற்றிப் பார்ப்போம் என்று ஆளாளுக்குத் தங்கள் பைகளைத் திறந்து பேரீச்சம்பழப் பொட்டலங்களையும் பால்பவுடர் டின்களையும் வீட்டுக்கு வாங்கிய கம்பளியையும் கொண்டுவந்து, ஒரு பையில் திணித்து, அவள் இடுப்பில் கட்டினார்கள். காஜா மைதீன் கையை விட்டதும் மாரிக்கண்ணு பையோடு சேர்ந்து மேலே போனாள். இருபது கிலோப் பை அவள் இடுப்பில் பஞ்சுத் தலையணைபோல மிதந்தது.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பளு ஏற்றி இறக்கியே வாழ்நாள் போன மனிதர்.

"கட்டுனா கட்டுன பொருளும் சேந்து போகுது," என்றார் கடைசியில். "ஆளு பிடிச்சாத்தான் நிக்குது. சரி, பிடிப்போம்."

முறை வைத்தார்கள். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம். அரபிக்கடலின் மேல் வந்த நேரம் முழுக்க, காலையில் பை வைக்கிற இடத்துக்காக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டவர்கள், வரிசையில் நின்று, முறை வந்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் கையை வாங்கிக்கொண்டு, என்ன ஊர் என்ன வேலை என்று விசாரித்து, தங்கள் பிள்ளைகளின் படங்களைக் காட்டி, பத்து நிமிடம் ஆனபின் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சிலர் திரும்பி வந்து வரிசையின் கடைசியில் மறுபடி நின்றார்கள்.

திருச்சி நெருங்கியதும் பெல்ட் விளக்கு எரிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அனுஷா வந்து மாரிக்கண்ணுவை உட்காரவைத்துத் தானே பெல்ட்டை மாட்டி இறுக்கிவிட்டுப் போனாள். பெல்ட் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் அதற்குப்பின் விமானம் இறங்கவில்லை. மூக்கைத் தாழ்த்தியது, இரைந்தது, சக்கரத்தை நீட்டியது. எல்லாம் செய்தும் அதே உயரத்தில் மலைக்கோட்டையைச் சுற்றி வந்தது. சன்னலோரத்தில் இருந்தவர்கள் மலைக்கோட்டையை ஐந்து தடவை பார்த்தார்கள்.

ஒலிபெருக்கியில் விமானியின் குரல் வந்தது. பதறாத குரல். விமானம் கீழே வர மறுக்கிறது, காரணம் தெரியவில்லை, இன்னும் அரைமணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது, பயணிகள் அமைதியாக இருக்க வேண்டும்.

பயணிகள் அமைதியாகத்தான் இருந்தார்கள். முன்னால் ஒரு குழந்தை மட்டும் அழுதது. காஜா மைதீன் திரும்பி மாரிக்கண்ணுவின் மடியைப் பார்த்தார். அவள் வயிற்றின் குறுக்கே பெல்ட், பெல்ட்டின் இரு முனையும் இருக்கையில், இருக்கை தரையில்.

"அந்தப் பொண்ணக் கூப்புடுங்க," என்றார்.

அனுஷா வந்தாள். அவர் சொன்னதைக் கேட்டாள். பெல்ட் இல்லாமல் ஒரு பயணியை இறக்க அவளுக்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, குனிந்து, தானே அந்தக் கொக்கியைக் கழற்றினாள்.

விமானம் ஒரு படி இறங்கியது. மாரிக்கண்ணு ஒரு படி ஏறினாள்.

இந்தத் தடவை இழுப்பு முன்போல இல்லை. தரை நெருங்க நெருங்க அது வலுத்தது. காஜா மைதீன் ஒரு கையையும் ரோஸ்லின் ஒரு கையையும் பிடித்திருந்தும் இருவரின் முழங்கையும் நிமிர்ந்துகொண்டே போனது. பின்னாலிருந்து நீலமேகம் பெல்ட்டுக்குள் இருந்தபடியே எக்கி அவள் தோளைப் பிடித்தான். போதவில்லை. அப்போது இருபதாம் வரிசையில் இருந்த ஒருவர் யாரும் கேட்காமலே ரோஸ்லினின் தோளைப் பிடித்தார். அவரை அவருக்கு முன்னால் இருந்தவர் பிடித்தார். "கையக் கொடுங்க, முன்னாடி சொல்லுங்க," என்ற பேச்சு விமானத்தின் நீளத்துக்கும் ஓடியது. நடைவழியின் குறுக்கேயும் கைகள் நீண்டன. நான்காம் வரிசையில் காதில் பாட்டுக் கேட்கிற கருவியை மாட்டிக்கொண்டு, வந்ததிலிருந்து யாரோடும் பேசாத ஒரு கோட்டுக்காரர், தன்னை எதற்கு இதில் இழுக்கிறார்கள் என்று கேட்டார்.

"எறங்கணும்ல சார்," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அவர் கருவியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுக் கையைக் கொடுத்தார்.

நூற்று அறுபத்து மூன்று பேர் அதில் இருந்தார்கள். இழுப்பு ஒவ்வொரு கையாகக் கடந்து கடைசி ஆள்வரை போயிற்று. அழுதுகொண்டிருந்த குழந்தை, பட்டம் இழுக்கிற மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அழுகையை நிறுத்தியது. சிலர் உதடு அசைந்தது, அவரவர் தெய்வத்தை அவரவர் கூப்பிட்டார்கள். வயல் தெரிந்தது, ரோடு தெரிந்தது, ரோட்டில் ஒரு மஞ்சள் பஸ் தெரிந்தது, சக்கரம் தரையில் இடித்தது, ஓடியது, நின்றது. நின்றபிறகும் கொஞ்ச நேரம் ஒருவரும் கையை எடுக்கவில்லை.

மணி பன்னிரண்டே கால்.

குடியேற்றச் சோதனை மேசையில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், இருபுறமும் இருவர் பிடித்திருக்க அந்தரத்தில் நின்றவளைப் பார்த்தார்.

"கொஞ்சம் கீழ வாங்கம்மா, கேமராவுல முகம் விழல."

அழுத்திப் பிடித்தார்கள். முகம் விழுந்தது. அவர் கணினியில் எதையோ தேடிவிட்டு, இதற்கென்று தன் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை என்றும், கட்டம் இல்லாததை எழுத முடியாது என்றும் சொல்லி முத்திரையைக் குத்தினார்.

வாசல்வரை கூரை இருந்தது. வாசலுக்கு வெளியேதான் வானம். அங்கிருந்து வண்டி நிற்கிற இடத்துக்கு நூறு அடி இருக்கும். ஆடிக்காற்று புழுதியைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. அம்மியே பறக்கும் என்று சொல்கிற காற்று. மாரிக்கண்ணு வாசலில் நின்று மேலே பார்த்தாள். தடுக்க ஒன்றும் இல்லாத அந்த நீலத்தைப் பார்த்து அன்றைக்கு முதல் தடவையாக அவள் பயந்தாள்.

"அண்ணே, விட்றமாட்டீங்களே."

"இத்தன நேரம் விட்டோமா?"

இன்னார் சொன்னார்கள் என்று இல்லை. பெட்டி வந்ததும் போயிருக்க வேண்டிய நாற்பது ஐம்பது பேர் தள்ளுவண்டிகளை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பி வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். தடுப்புக்கு அப்பால் மாலையோடும் குழந்தைகளோடும் காத்திருந்த சொந்தக்காரர்கள், வந்து இறங்கிய தங்கள் ஆட்கள் தங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் கையையும் முந்தானையையும் தோளையும் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துப் போவதைப் பார்த்தார்கள். நடுவழியில் ஒரு காற்று வந்தது. கூட்டமே ஒரு சாண் எழும்பி இறங்கியது. கோட்டுக்காரரின் கழுத்துப்பட்டை பறந்து போயிற்று, அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காஜா மைதீனை அழைத்துப்போக அவர் மனைவி சபுரா வேனோடு வந்திருந்தாள். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிற புருஷன் வேறொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, "யாரு இவங்க?" என்றாள்.

"கூட வந்தவங்க. மகளுக்கு மூணு மணிக்கு ஆபரேஷன். புதுக்கோட்டையில விட்டுட்டு அறந்தாங்கி போவோம். வழிதானே."

ரோஸ்லினுக்கு அது வழி இல்லை. மணப்பாறையிலிருந்து வந்திருந்த தம்பியிடம் பெட்டிகளைக் கொடுத்து, "நீ போடா, நான் சாயங்காலம் பஸ்ல வரேன்," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். நீலமேகத்துக்காக யாரும் வந்திருக்கவில்லை. அவன் மாரிக்கண்ணுவின் இடது கையைப் பிடித்தபடியே ஏறி உட்கார்ந்தான்.

விமான நிலையத்தைத் தாண்டியதும் சபுரா, "நீங்க விடுங்க, நான் பிடிக்கிறேன்," என்று வலது கையைத் தான் வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் அந்த இழுப்பு அவள் தோள்வரை ஏறியது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தடித்த கை.

"எத்தன வருஷம்?"

"ஒம்போது."

சபுரா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கீரனூர் வந்தபோது ஒரு தெருமுனையைக் காட்டி, அங்கேதான் அக்கா வீடு என்றாள் மாரிக்கண்ணு. நிறுத்தணுமா என்று டிரைவர் கேட்டான். வேண்டாம் என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "உங்களுக்கெல்லாம் நான் என்ன செய்யப் போறேன்," என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் செய்ய வேணாம்க்கா," என்றான் நீலமேகம். "நான் ஊருக்கு வந்திருக்கறது வீட்டுக்கே தெரியாது. நீங்க கையக் குடுக்கலன்னா இந்நேரம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பேன்."

ஆஸ்பத்திரியை அடையும்போது இரண்டேமுக்கால். பிரசவப் பகுதியின் நீண்ட நடையில் எட்டு மின்விசிறிகள் சுழன்றன. மாரிக்கண்ணுவின் தலை அவற்றுக்கு வெகு கிட்டத்தில் இருந்ததால், எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள் ரோஸ்லின். இந்தப் புழுக்கத்தில் விசிறியை நிறுத்துவதா என்று காத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவள் வருவதைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. துண்டாலும் முந்தானையாலும் விசிறிக்கொண்டு வழிவிட்டார்கள்.

பச்சைத் துணி போர்த்தி வினோதினியைத் தள்ளுகட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். பதினோரு வயதில் விட்டுவிட்டுப் போன முகம். இருபது வயது முகத்துக்குள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க மாரிக்கண்ணுவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வினோதினியும் பார்த்தாள். அம்மாவையும், அம்மாவைப் பிடித்திருந்த நான்கு பேரையும், தரையைத் தொடாத அந்தப் பாதங்களையும் பார்த்தாள்.

"இன்னும் எறங்கலயா நீ?"

"எறங்கத்தான் வந்தேன்."

"இவங்கள்லாம் யாரு?"

"கூட வந்தவங்கம்மா," என்றாள் ரோஸ்லின்.

வினோதினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "எத்தன நாள் லீவு?"

"நீ போகச் சொல்ற வரைக்கும்."

ஊழியர் கட்டிலைத் தள்ளினார். தள்ளும்போது மாரிக்கண்ணுவின் கால் கட்டிலின் உயரத்தில், மகளின் கைப்பக்கமாகவே இருந்தது. வினோதினி முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டி அந்தக் காலின் பெருவிரலைப் பிடித்தாள். சின்ன வயதில் தூங்குவதற்கு அவள் பிடித்துக்கொள்கிற விரல். கதவுவரை பிடித்திருந்தாள். கதவில் விட்டாள்.

பிறகு காத்திருந்தார்கள். பெஞ்சில் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அறந்தாங்கியிலிருந்து சபுராவின் போனுக்கு நாலு தடவை அழைப்பு வந்தது, வருகிறோம் என்று நாலு தடவையும் சொன்னாள். நீலமேகம் எழுந்து போய் டீ வாங்கி வந்தான், தன் வீட்டுக்கும் ஒரு போன் போட்டு, வந்துவிட்டேன், இங்கே ஒரு வேலையாக இருக்கிறேன், முடிந்ததும் வருகிறேன் என்று சொன்னான். காஜா மைதீன் தன் டம்ளரை மாரிக்கண்ணுவின் வாய்க்குக் கிட்டே பிடித்தார். அவள் குடித்தாள். நாலு நாளில் முதல் தடவையாக உள்ளே இறங்கியது.

அவள் எப்போது இறங்கினாள் என்பதை இன்றைக்கும் ஆளுக்கு ஒருவிதமாகத்தான் சொல்கிறார்கள். டீ குடித்தபோது என்கிறார் காஜா மைதீன். கதவுக்கு அப்பால் குழந்தையின் அழுகை கேட்டபோது என்கிறாள் சபுரா. எனக்குத் தெரியாது, நான் தூங்கிவிட்டேன் என்கிறான் நீலமேகம், அவன் சொல்வதுதான் நிஜம். நாற்பது மணி நேரம் கண் மூடாதவன், அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். ரோஸ்லினும் சுவரில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்திருந்தாள். காஜா மைதீன் தொழுகைக்கு இடம் தேடிப் போயிருந்தார். சபுரா போனை இரு கையாலும் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். மாரிக்கண்ணு ஒரு கையால் நீலமேகத்தின் தலை நழுவாமல் தாங்கிக்கொண்டு, மறு கையை மடியில் வைத்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது.

"வினோதினியோட ஆளுங்க யாரு?"

நான்கு பேர் எழுந்தார்கள். தொழுகையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஐந்தாவது ஆள் நடையின் கோடியிலிருந்து கையைத் தூக்கினார்.

"பொம்பளப் புள்ள. ரெண்டரைக் கிலோ. அம்மாவும் நல்லாருக்கு, கண்ணு முழிச்சு அவங்கம்மாவக் கேட்குது." செவிலி ஐந்து பேரையும் ஒருமுறை பார்த்தாள். "ஒருத்தர்தான் வரலாம்."

நீலமேகம் தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டினான். பிடிக்க வேண்டியிருக்கவில்லை. மாரிக்கண்ணு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்கள் எல்லோரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுடைய ரப்பர் செருப்பின் சத்தம் அந்த நடையின் நீளத்துக்கும் சளக் சளக்கென்று போயிற்று. நான்கு பேரும் அது ஓயும்வரை நின்று கேட்டார்கள். யாரோ போய் விசிறிகளைப் போட்டார்கள்.

"கிளம்பலாமா?" என்றார் காஜா மைதீன்.

"புள்ளையப் பாத்துட்டுப் போவோம்," என்று சபுரா மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.